குடத்தின் உட்சுவர்

அன்புள்ள அண்ணை,

கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் சின்னதாக ஒரு லேத் வைத்து, மரத்தில் குடம், பூச்சாடி மாதிரி உள்ளே குடைந்த அலங்காரச் சாமான்கள் கடைகிறேன். வேம்பும் பூவரசும்தான் கூடுதலாகக் கிடைக்கின்றன. என் கேள்வி, இவற்றுக்கு வார்னிஷ் நல்லதா, எண்ணெய் நல்லதா? பனையிலும் இப்படிக் கடையலாமா? சில குடங்கள் கடைந்து கொஞ்ச நாளில் வெடிக்கின்றன. வெடிப்புக்குள் மரத்தூளும் சுப்பர் குளூவும் விட்டுத் தேய்த்தால் வெளியே தெரியாது. அப்படிச் சரிப்படுத்திய இரண்டை நல்லூர்த் திருவிழாக் கடையில் வைத்தேன்; கனடாவிலிருந்து வந்தவர்கள் வாங்கிப் போனார்கள். ஆனால் அப்பா, "இதுக்குள்ள என்னத்தை வைக்கிறது? கட்டில் கால் கடைஞ்சாலும் காசு வரும்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கொஞ்ச நாளாகவே எனக்குள் கிடந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. பழைய தளபாடம் விற்கிற இடத்தில் ஓர் அலுமாரியைக் கண்டால், லாச்சியை இழுத்து அதன் பின்பலகையைத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். நல்ல ஆசாரிமார் யாருமே பார்க்காத அந்தப் பலகையையும் சீவித்தான் வைத்திருக்கிறார்கள். இப்போது வருகிறவற்றில் முகம் மட்டும் மினுங்குகிறது. பின்னால் கை வைத்தால் சிராம்பு ஏறுகிறது.

முதலில் அப்பாவின் கேள்வி. இணுவிலிலும் அளவெட்டியிலும் பலாக் கட்டையைக் குடைந்துதான் தவில் இருக்கிறது. அதற்குள் என்ன வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. அப்பாவோடு வாதாட வேண்டாம். கட்டில் காலும் கடையுங்கள், கைக்கு நல்ல பயிற்சி. பனை வேண்டாம். அதன் வெளிவட்டத்தில் கறுத்த வைரம், உள்ளே மெத்தென்ற நார். குடைந்து தண்ணீர் ஓடுகிற பீலி போட்டார்கள் எங்கள் ஆட்கள், அதற்கு அது உகந்த மரம். மெல்லிய சுவருள்ள குடத்துக்கு அதோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

இனி அந்த சுப்பர் குளூ. அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், அதுதான் கூடக் கோபம். வாங்கியவர் அந்தக் குடத்தைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருப்பார். கனடாவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடும், காற்று வறண்டு கிடக்கும். எங்கள் காற்றில் ஈரம் சமநிலைக்கு வந்த மரம்கூட அங்கே இன்னும் நீரை விட்டுச் சுருங்கும். நீங்கள் அடைத்த வெடிப்பு முதலில் விட்ட இடத்திலேயே, முன்னையதைவிட அகலமாக விடும். ஊர் ஞாபகமாக வாங்கிய பொருள் கண் முன்னே பிளக்கும்போது அந்த மனுசிக்கு என்ன மனம் வரும்? வெடிப்பை அடைப்பது குற்றமில்லை. தெரியத்தக்கதாக அடைத்து, சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைத்து விற்பதை வேலை என்று சொல்லாதீர்கள். வாங்கியவர்களை அறிய வழி இருந்தால் அறிந்து, காசைத் திருப்பிக் கொடுங்கள்.

சரி, ஏன் வெடிக்கிறது? பச்சை மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. சுற்றுவட்டத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய 2 மடங்கு. நீளவாக்கில் 1 வீதம்கூட இல்லை. வட்டம் சிறுக்கப் பார்க்கிறது, ஆரை அவ்வளவுக்குக் குறைய மறுக்கிறது. அந்த இழுபறியில் மரம் எங்காவது விட்டே ஆகவேண்டும். அதனால்தான் குற்றியின் நடுப்புள்ளி குடத்துக்குள் அகப்பட்டால் அங்கிருந்து வெடிப்பு ஓடுகிறது. குற்றியை நடுப்புள்ளியோடு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அந்த நடுவைச் சீவி எறிந்துவிட்டுக் கடையுங்கள். வேம்புக் குற்றியை முழுதாக ஏற்றிக் கடைந்திருக்கிறீர்கள் என்றுதான் ஊகிக்கிறேன்.

பிறகு காற்று. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் கடைந்த பச்சைக் குடத்தை விறாந்தையில் வைத்தால் வெளிப்பக்கம் கெதியாகக் காய்ந்து சுருங்கும், உட்பக்கம் ஈரமாகவே நிற்கும். அதுவும் வெடிப்புத்தான். முதல் தரம் தடிப்பாகக் கடைந்து, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் விடுங்கள்: 10 அங்குலக் குடம் என்றால் 1 அங்குலச் சுவர். நார் வெட்டுப்பட்ட முகங்களில் மெழுகு பூசி, அதே மரத்தின் சீவல்களோடு கடதாசிப் பைக்குள் போட்டு, காற்றுப்படாத மூலையில் மாதக்கணக்கில் விடுங்கள். கோணினால் கோணட்டும், காய்ந்த பிறகு திரும்ப ஏற்றிக் கடையத்தானே அந்தத் தடிப்பு. பொறுமை இல்லையென்றால் இன்னொரு வழி, பச்சையிலேயே கால் அங்குலத்துக்கும் கீழாக ஒரே சீராகக் கடைந்துவிடுவது. மெல்லிய சுவர் வளைந்து கொடுக்கும், குடம் கொஞ்சம் நீள்வட்டமாகும், வெடிக்காமல் தப்புகிற வாய்ப்பு நிறையக் கூடும். இந்த வழியில் "ஒரே சீராக" என்பதுதான் முழு வேலையும்.

அதில்தான் நீங்கள் பிழை விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வெளிப்பக்கத்துக்கு வார்னிஷா எண்ணெயா என்று கேட்கிறீர்கள், உள்ளே சுவர் எத்தனை அங்குலம் என்று ஒரு வரி இல்லை. வாய் சிறுத்த குடத்தில் ஆயுதம் உள்ளே போகப்போக, அதைச் சாய்த்துப் பிடிக்கிற தாங்கியிலிருந்து நுனி தூரமாகிறது. மரம் நுனியைப் பிடித்து இழுக்கிற விசை கைப்பிடியில் கூடிக்கொண்டே போகும். கை பயப்படும். பயந்த கை, வாய்க்குக் கீழே குடத்தின் தோளடியில் மரத்தை விட்டுவிடும், நடு வயிற்றில் மட்டும் தோண்டும். தோளில் முக்கால் அங்குலம், வயிற்றில் ஒரு நூல். இரண்டும் ஒரே வேகத்தில் காயுமா?

மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கடைச்சல் பட்டறை இருந்தது. பழைய வண்டில் சில்லு ஒன்றைத் தூணில் பொருத்தி, அதிலிருந்து கயிறு போட்டுக் கடைச்சற் கட்டையைச் சுற்றுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சில்லுச் சுற்றுகிற வேலை எங்களைப் போன்ற பொடியளுக்கு. அப்பு ஒருவர்தான் கடைவார். பெரும்பாலும் கட்டில் காலும் தொட்டில் கம்பும். ஆனால் திருநீற்றுக் குடுவை கடைகிற நாளில் அவர் வேறு ஆள். வாய் இரண்டு விரல் அகலம், உள்ளே பார்க்க முடியாது. உளியை உள்ளே விட்டுவிட்டுத் தலையைச் சரித்துக் காதைக் கிட்டக் கொண்டுபோவார். சுவர் தடிப்பாக இருக்கும்வரை மொத்தமான சத்தம் வரும். மெலிய மெலியச் சத்தம் மாறும், மரம் அதிரத் தொடங்கும். சில்லை நாங்கள் ஒரு கணம் தளர்த்தினாலும், "குலைச்சுப்போட்டியே! காது போட்டுது!" என்று பேச்சு விழும். ஒருநாள் வயிற்றுப்பக்கம் சத்தம் மாறியதும் உளியை எடுத்துவிட்டார். நிற்பாட்டச் சொல்லி, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தோள்வரை தடவினார். பிறகு எழும்பி வெத்திலை போட்டார். அன்று முழுக்க அந்தக் குடுவையைத் தொடவில்லை. காசு கொடுத்தவர் வாசலில் காத்துக்கொண்டு நின்றவர்.

உங்களிடம் மோட்டர் இருக்கிறது, சத்தம் கேட்பது கஷ்டம்தான். கேட்காமல் விடலாம் என்றில்லை. தடித்த கம்பி ஒன்றை ப வடிவில் வளைத்து, ஒரு நுனியை மற்ற நுனியை நோக்கித் திருப்பி, நடுவில் அரை அங்குல இடைவெளி விடுங்கள். லேத்தை நிற்பாட்டிவிட்டு, ஒரு நுனியை வாய் வழியாக உட்சுவரில் தொடவைத்தால், மற்ற நுனிக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் எஞ்சுவதைப் பார்க்கலாம். கால் அங்குலம் எஞ்சினால் சுவர் கால் அங்குலம். மேலிருந்து கீழ்வரை அந்த இடைவெளி மாறாமல் வரவேண்டும். தோளிலிருந்து தொடங்கி ஒரு பகுதியை முடித்த பிறகே கீழே இறங்குங்கள். அடி மெலிந்த பிறகு தோளுக்குத் திரும்பினால் மரம் நடுங்கும். சீவல் உள்ளே அடைந்தால் நிற்பாட்டி எடுங்கள், சுற்றும்போது விரல் விடாதீர்கள். கையுறையும் வேண்டாம்.

அமெரிக்காவில் டேவிட் எல்ஸ்வேர்த் 1970களில் இதே சிக்கலோடு மல்லாடினார். சின்ன வாய்க்குள்ளால் தோளை எட்ட, தானே வளைந்த ஆயுதங்கள் செய்து மிக மெல்லிய சுவர் கண்டார். 1986ல் தொடங்கிய அமெரிக்க மரக்கடைச்சற்காரர் சங்கத்தின் முதல் தலைவர் அவர். குடம் குடைகிற காணொளிகள் பார்ப்பீர்கள் என்றால், அவற்றில் பல அந்த வழியில் வந்தவைதான். அவற்றில் வெளிவடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது.

எண்ணெயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேங்காயெண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும். ஆனால் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள், தானே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள். முதிரை மரம் கிடைத்துக் கடைந்தால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அதன் தூள் தோலையும் அரிக்கும்.

அடைத்தும் அடைக்காமலும் வீட்டில் கிடக்கிற வெடித்த குடங்களில் ஒன்றை எடுத்துக் கைவாளால் மேலிருந்து கீழே இரண்டாக அரியுங்கள். வெட்டுமுகத்தில் தோள், வயிறு, அடி மூன்றிலும் சுவரின் தடிப்பைப் பென்சிலால் எழுதி, வெடிப்பு ஓடிய இடத்தையும் குறித்து, ஒரு படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். வார்னிஷா எண்ணெயா என்பதை அதைப் பார்த்த பிறகு கதைப்போம்.