ஒரு வாரம் பொறுங்கள், அப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம்

கேள்வி: வணக்கம் அண்ணே. ராணுவத்தில் கழித்துக்கட்டிய டீசல் ஜெனரேட்டர் ஒன்றை, ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து 38,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். பச்சை பெயிண்ட், இரும்புச் சட்டம், இரண்டு சிலிண்டர். 5 கே.வி.ஏ. வரும் என்றார் விற்றவர். பத்து வருஷமாவது ஓடாமல் கிடந்திருக்கும். எங்கள் பக்கம் காற்று மழையில் மரம் விழுந்தால் கரண்ட் வர மறுநாள் ஆகிறது. நாலு ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ், 1 ஹெச்.பி. மோட்டார் ஓடினால் போதும். டிராக்டர் பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்தேன். 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு சரி. என்ன செய்யலாம்?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: ஸ்டார்ட் ஆகாமல் போனதே நல்லது தம்பி. பத்து வருஷம் கிடந்த எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே செல்ஃப் அடித்துப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் இருந்தது, வால்வைத் தள்ளுகிற கம்பியான ஒரு புஷ் ராடு வளைகிற வரைக்கும். வால்வு துருவேறி இறுகிக் கிடந்தது, நான் கவனிக்கவில்லை.

அந்த 'டிக் டிக்'குக்குப் பெரிய வைத்தியம் தேவைப்படாது. ராணுவச் சாமான்கள் பெரும்பாலும் 24 வோல்ட். நீங்கள் மாட்டியது 12. ஒரே அளவில், ஒரே வயதில் இரண்டு பேட்டரி வாங்கி, ஒன்றின் பிளஸை மற்றதன் மைனஸோடு சேர்த்து சீரியஸில் போட வேண்டும். புதுசையும் பழசையும் ஜோடி சேர்த்தால் பழசு புதுசையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ஆனால் பேட்டரிக்கு இப்போது காசு போடாதீர்கள். முதலில், கரண்ட் உண்டாக்குகிற பகுதியான ஆல்டர்னேட்டர் மேல் இருக்கிற நேம் பிளேட்டைப் படியுங்கள்.

நான் ராணுவத்தில் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் 17 வருஷம் இருந்துவிட்டு வந்து, புதூரில் பட்டறை போட்ட புதிதில் என் மைத்துனர் இப்படித்தான் ஒரு செட்டோடு வந்து இறங்கினார். பிளேட் மேலேயே மூன்று தடவை பச்சை அடித்திருந்தார்கள். தின்னரில் துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் ஒட்டிவைத்து, நாணயத்தின் விளிம்பால் மெள்ளச் சுரண்டினேன். முதலில் ஒரு 4 தெரிந்தது. பக்கத்தில் ஒரு சைபர். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சைபர். 400 வோல்டோ என்று பார்த்தால், 400 சைக்கிள்! சைக்கிள் என்றால் ஹெர்ட்ஸ், ஒரு நொடிக்குக் கரண்ட் எத்தனை தடவை அலையடிக்கிறது என்ற கணக்கு. விமானத்துக்கும் ராடாருக்கும் ஓட்டுகிற கரண்ட். நம் வீட்டில் எல்லாம் 50 சைக்கிளுக்குச் செய்த சாமான். ஃபேன்கூட ஒழுங்காகச் சுற்றாது. எஞ்சின் என்னவோ தங்கமாக ஓடியது. கடைசியில் எஞ்சினைத் தனியாகக் கழற்றி விற்றார். மைத்துனர் இன்னும் என்னோடு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. வயர்லெஸ் பேட்டரிகளை சார்ஜ் பண்ணுவதற்கென்றே செய்த செட். அதில் வருவது 28 வோல்ட் டிசி. பார்ப்பதற்கு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். உங்கள் பிளேட்டில் 230 வோல்ட், 50 சைக்கிள், 1500 ஆர்.பி.எம். என்று இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். 60 சைக்கிள், 1800 என்று இருந்தால், விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரைத் தொடாதீர்கள். வேகத்தைக் குறைத்தால் சைக்கிளோடு வோல்டேஜும் சக்தியும் மாறும்.

ஏலத்தில் எடுத்ததற்கான காகிதத்தின் நகலையும் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். பச்சை பெயிண்ட் அடித்த சாமானுக்கு என்றாவது ஒருநாள் யாராவது கணக்குக் கேட்பார்கள்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் இரண்டையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் கையால் சுற்றுங்கள். இறுகி நின்றால் பைப்பை மாட்டி நெம்ப வேண்டாம். மறுபடி ஆயில், மறுபடி இரண்டு நாள். சுற்ற ஆரம்பித்ததும் மேல் மூடியைத் திறந்து, வால்வு ஒவ்வொன்றும் இறங்கி ஏறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய ஆயிலை வடிக்கும்போது முதலில் தண்ணீர் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சைலன்சர் குழாயில் வெள்ளைக் கயிறோ துணியோ சுற்றியிருந்தால் பிய்க்காதீர்கள். பழைய செட்டுகளில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

டீசல் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் அல்வா மாதிரி ஒன்று விழும். பழைய டீசலும் தண்ணீரும் சேர்ந்து அழுகியது. டேங்கைக் கழுவி, ஃபில்டரையும் ரப்பர் ஹோஸையும் புதிதாகப் போடுங்கள். இன்ஜெக்டரையும் பம்ப்பையும் மட்டும் நீங்களே பிரிக்காமல், டீசல் பம்ப் சர்வீஸ் செய்கிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அங்கே இன்ஜெக்டரின் முனையான நாசிலை டெஸ்டரில் மாட்டி, புகை மாதிரி தெளிக்கிறதா, சொட்டுகிறதா என்று காட்டுவார்கள். தெளிக்கிற இடத்தில் கையை நீட்டிவிடாதீர்கள். அந்த அழுத்தம் டீசலைத் தோலுக்குள்ளேயே ஏற்றிவிடும்.

பம்ப்பைக் கொடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பழைய டீசல் பிசின் மாதிரி இறுகி, பம்ப்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக் என்ற கம்பியைப் பிடித்துக்கொள்ளும். முழு டீசலில் பிடித்துக்கொண்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஏறும், ஏறிக்கொண்டே போகும். கவர்னர் ஒன்றும் செய்ய முடியாது. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, ஒயரைப் பிடுங்கி நிறுத்துவதற்கு. அதனால் முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒரு ஆளைக் கனமான பலகையோடு காற்று இழுக்கிற வாய்க்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். வேகம் எகிறினால் பலகையால் வாயை மூட வேண்டும். துணி கூடாது, உள்ளே இழுத்துவிடும். கையும் கூடாது. நான் இன்றைக்கும் பலகை இல்லாமல் பழைய எஞ்சினை எழுப்புவதில்லை. பையன்கள் 'அண்ணன் பூசைப் பலகையை எடுத்துட்டாரு' என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஆல்டர்னேட்டரை ஓட்டுவதற்கு முன்னால், காயிலிலிருந்து கரண்ட் கசிகிறதா என்று காட்டுகிற மெகர் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெகரில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம் ஏறியிருக்கிறது. காயவைத்து மறுபடி பார்க்க வேண்டும். மெகர் போடும் முன், வோல்டேஜைச் சீராக வைக்கிற ஏ.வி.ஆர். ஒயர்களைக் கழற்றாவிட்டால் அது அங்கேயே போய்விடும். எஞ்சின் ஓடியும் வோல்டேஜ் வரவில்லை என்றால், உடனே ரீவைண்டிங்குக்குத் தூக்க வேண்டாம். வருஷக்கணக்கில் சும்மா கிடந்ததில் உள்ளே மிச்சமிருந்த காந்தம் செத்திருக்கும். காந்தத்தை உண்டாக்குகிற ஃபீல்டு காயிலுக்குப் பேட்டரியால் ஒரு நொடி கரண்ட் காட்டி எழுப்பிவிடலாம். வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிஷ வேலை. இதற்குப் போய் ரீவைண்டிங் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

லோடு விஷயம் எளிது. 5 கே.வி.ஏ. என்றால் சுமார் 21 ஆம்பியர். 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்புகிற நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கும். அதனால் மோட்டாரை முதலில் போடுங்கள், ஃப்ரிட்ஜை அப்புறம். வெறும் நாலு ஃபேனுக்காக நாள் முழுக்க ஓட்டவும் கூடாது. லோடு போதாமல் ஓடும் டீசல் எஞ்சின் சைலன்சர் வழியாகக் கறுப்பு எண்ணெயைக் கக்க ஆரம்பிக்கும். செலவையும் சொல்லிவிடுகிறேன்: இந்த அளவு செட்டில் ஒரு லிட்டர் டீசலுக்கு 3 யூனிட் கிடைத்தால் நல்லது. டீசல் விலையை மூன்றால் வகுத்துப் பாருங்கள், கரண்ட் வந்த பிறகும் ஓட்ட மனசு வராது.

கேள்வி: என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரை ஜெனரேட்டரிலிருந்து ஹால் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க லைட் எரிய வைக்கிறார். மெயினை ஆஃப் பண்ணிவிட்டால் ஆபத்தில்லை என்கிறார். சரிதானா?
– வாசகி, சோழவந்தான்

பதில்: தவறும்மா. அந்த ஒயரை இன்றைக்கே வெட்டிப் போடச் சொல்லுங்கள். ஒருநாள் மெயினை ஆஃப் பண்ண மறந்தால், உங்கள் வீட்டு 230 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குப் பின்வழியாகப் போய், அந்தப் பக்கம் 11,000 வோல்டாக ஏறும். 'லைனில் கரண்ட் இல்லை' என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். மறக்கவே மாட்டார் என்றாலும், கழன்ற பிளக்கின் பித்தளைக் காலில் கரண்ட் இருக்கும், கைபட்டால் போச்சு. பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றுகிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் ஒன்றை மீட்டர் பக்கத்தில் போட்டு, ஜெனரேட்டருக்கு எர்த்தும் அடிக்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். செட்டை ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தால் அதையும் நகர்த்துங்கள், புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கேள்வி: ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டு இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற மறுக்கிறது. மின்வாரிய கரண்டில் சரியாக ஏறுகிறது.
– வாசகர், மேலூர்

பதில்: இன்வெர்ட்டரின் பின்பக்கம் 'யு.பி.எஸ்.' என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதில் இருந்தால் வோல்டேஜ் கொஞ்சம் ஆடினாலும் உள்ளே விடாது. மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால் ஜெனரேட்டரின் சைக்கிளைப் பாருங்கள். லோடு இல்லாதபோது 51 அல்லது 52, லோடு ஏறியதும் 50-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 55-இல் ஓடினால் யாரோ ஆக்சிலரேட்டர் ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறார்கள்.