கீரை ஆயும் நேரத்தில் ஒரு படம்

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். காவடி, கல்யாணம், புரட்டாசிப் படையல் என்று எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் விசேஷ நாள்களில் எடுத்தவை. சாதாரண நாள்களையும் எடுத்து வைக்கும்படி சொல்லி, மகன் புதிய கைப்பேசி வாங்கித் தந்திருக்கிறான். தினமும் ஒரே வேலை நடக்கும் வீட்டில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது? அடுக்களை ஜன்னலோரம் கீரை ஆயும் மாமியாரை எடுத்துப் பார்த்தேன், முகம் கறுத்துவிட்டது. கைப்பேசியைக் கண்டதும் அவரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுகிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தினமும் ஒரே வேலை நடக்கிறது என்று நீங்கள் குறையாகச் சொல்வதுதான் படம் எடுப்பவருக்குக் கிடைத்த பெரிய வசதி. தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டால் போயிற்று. உங்கள் மாமியாரோ நாளையும் அதே நேரத்தில் அதே இடத்தில் கீரை ஆய்வார். இன்று எங்கே நின்றது தவறு என்று பார்த்துவைத்துக்கொண்டு, நாளை வேறு பக்கம் நிற்கலாம்.

முகம் கறுத்ததற்குக் காரணம், ஜன்னல் அவருக்குப் பின்னால் இருந்ததுதான். கைப்பேசி ஜன்னலின் பெருவெளிச்சத்தைக் கணக்கில் கொண்டு படம் முழுவதையும் இருட்டாக்கிவிடுகிறது. ஜன்னல் அவருடைய பக்கவாட்டில் வரும்படி நீங்கள் இடம் மாறி நின்று, திரையில் அவர் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள். பகலில் டியூப்லைட்டை அணைத்துவிடுவதும் அவசியம். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் தோலின் நிறம் கெட்டுப்போகும்.

எந்த ஜன்னல் என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட புகைப்பட நூல்கள் வடக்கு ஜன்னலின் மென்மையான வெளிச்சத்தைப் புகழ்வதைப் படித்துவிட்டு இங்கே அப்படியே செய்தால் ஏமாந்துபோவீர்கள். டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியில் இருப்பதால், நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. எனவே நிழல் அதிகம் விழாத சீரான வெளிச்சம் நம் வீடுகளில் தெற்கு ஜன்னலில்தான் கிடைக்கும். அதற்காக வடக்கு ஜன்னலை ஒதுக்கிவிட வேண்டாம். ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன்கூட ஏறக்குறைய 37 டிகிரி உயரத்துக்குமேல் ஏறுவதில்லை என்பதால், வெயில் சாய்வாக அறைக்குள் நெடுந்தூரம் வந்து தரையில் கட்டமிட்டு விழும். அந்தக் கட்டத்துக்குள் யாராவது வந்து உட்காரும்வரை காத்திருப்பதுதான் உங்கள் வேலை. பெரும்பாலும் பூனை முந்திக்கொள்ளும்.

குழம்பு கொதிக்கும்போது எழும் ஆவியை எடுக்க ஆசைப்பட்டால், முன்பு சொன்னதற்கு மாறாக, வெளிச்சம் ஆவிக்குப் பின்புறமிருந்து வர வேண்டும். அதன் பின்னணியில் கருத்த சுவரோ நிழலோ இருக்கட்டும்; வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆவி தெரியவே தெரியாது. மின்வெட்டு இரவில் காமாட்சி விளக்கொளியில் எடுப்பதானால், கையின் சிறு நடுக்கமும் படத்தைக் கலைத்துவிடும் என்பதால், கைப்பேசியை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்துவிட்டு எடுங்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், அது விளக்கையே இல்லாமல் செய்துவிடும்.

மாமியார் விறைப்பாவதற்கு மருந்து, முகத்தை விட்டுவிட்டுச் சில நாள்கள் அவர் கைகளை மட்டும் எடுப்பது. நீங்களும் தரையில் அமர்ந்து பாதிக் கீரையை ஆய்ந்துகொண்டே, கைப்பேசியை மடியில் வைத்திருந்து, பேச்சு சுவாரசியமாகும் இடத்தில் எடுத்துப் பாருங்கள். ‘இங்கே பாருங்கள்’ என்று சொன்ன கணமே நீங்கள் தேடி வந்த படம் எழுந்து போய்விடும். சேலை திருத்திய படங்கள் கல்யாண ஆல்பங்களில் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கின்றன.

ஆனால், தெரியாமல் எடுப்பது வேறு, மறைத்து வைத்துக்கொள்வது வேறு. ஒவ்வொரு நாளும் எடுத்ததை அன்று மாலையே அவரிடம் காட்டுங்கள். அழிக்கச் சொன்னால், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.