பேஜ்.ரூட் போட்டும் பேமென்ட் அழைப்பு வெளியே போகிறதா?

பிரவுசர் டெஸ்ட் கருவியான பிளேரைட்டில், அழைப்பை இடைமறிக்கும் பேஜ்.ரூட் எழுதியும், பேமென்ட் சேவையின் சோதனைத் தளமான சாண்ட்பாக்ஸுக்கே அழைப்பு போய், டெஸ்ட் அவ்வப்போது டைம்அவுட் ஆகிறது என்கிறீர்கள். ரூட் வரி, பக்கத்தைத் திறக்கும் பேஜ்.கோட்டூவுக்கு மேலே இருக்க வேண்டும். தளத்தில் சர்வீஸ் வொர்க்கர் (பின்னணியில் ஓடி அழைப்புகளைக் கையாளும் ஸ்கிரிப்ட்) இருந்தால் கான்ஃபிகில் அதை பிளாக் செய்துவிடுங்கள்.

அப்போதும் போகிறதென்றால், பெரும்பாலும் அனுப்புவது பிரவுசரே அல்ல. ஆர்டரை உங்கள் நோட் சர்வர் உருவாக்கினால் பேஜ்.ரூட்டின் கண்ணில் அது படவே படாது. பேமென்ட் கேட்வே முகவரியை என்விரான்மென்ட் வேரியபிளாக்கி, டெஸ்டில் மட்டும் லோக்கல்ஹோஸ்ட் 4010இல் ஓடும் சின்ன போலி சர்வருக்குத் திருப்புங்கள். அது 200 (வெற்றி) மட்டும் தந்தால் போதாது; 402உம் (பேமென்ட் தோல்வி), 30 நொடித் தாமதமும் தரட்டும். பிழைத்திரை உடைவது அங்கேதான். பேமென்ட் முடிந்ததை உங்கள் சர்வருக்குச் சொல்லும் வெப்ஹூக்கையும் அதுவே, டெஸ்ட் சாவியால் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும் (பலர் மறப்பது இதைத்தான்). இல்லாவிட்டால் ஆர்டர் பெண்டிங்கிலேயே நிற்கும்.

நிஜ சாண்ட்பாக்ஸை இரவில் ஒருமுறை தனி ஜாபாக ஓட்டுங்கள். அது தோற்றால் கோட் மெர்ஜ் நிற்கக் கூடாது.