சேற்றிலிருந்து மின்சாரம்

கேள்வி: என் மகள் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறாள். மின்சாரம் தரும் பாக்டீரியாவை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாளாம். ஒரு மின்விசிறியாவது ஓடுமா, ஐயா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஓடாது. அதற்காகப் பெண்ணைத் தடுத்துவிடாதீர்கள். பாக்டீரியாவை வைத்து மின்சாரம் எடுக்கும் கருவியை நுண்ணுயிர் எரிபொருள் கலன் என்பார்கள். அப்படி ஒரு கலன் தருவது அரை வோல்ட் அளவுதான். கைவிளக்கில் போடும் பேட்டரியே ஒன்றரை வோல்ட்.

சுவாரஸ்யம் வேறு இடத்தில் இருக்கிறது. உணவைச் சிதைக்கும்போது வெளிப்படும் எலக்ட்ரான்களை நாம் கடைசியில் ஆக்ஸிஜனிடம் ஒப்படைக்கிறோம். மூச்சு விடுவதே அதற்காகத்தான். காற்றுப் புகாத வண்டலில் வாழும் ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா அவற்றை இரும்புத் துருவிடம் ஒப்படைக்கிறது. அமெரிக்காவின் போட்டோமாக் ஆற்று வண்டலில் கிடைத்த இந்த இனத்தைப் பற்றி நுண்ணுயிரியலாளர் டெரெக் லவ்லியும் குழுவினரும் 1987இல் எழுதினார்கள். துரு திடப்பொருள், செல்லுக்குள் நுழையாது. ஆகவே எலக்ட்ரானை வெளியே அனுப்பியாக வேண்டும். துருவுக்குப் பதில் கார்பன் மின்முனையை வைத்தாலும் அதற்குக் கவலையில்லை. அங்கிருந்து எலக்ட்ரான் கம்பி வழியே காற்றுபடும் மறுமுனைக்குப் போய், ஆக்ஸிஜனோடும் புரோட்டான்களோடும் சேர்ந்து நீராகிறது. வழியில் சுங்கச்சாவடி போட்டு நாம் வசூலிக்கிறோம், அவ்வளவுதான்.

எப்படி வெளியே அனுப்புகிறது என்பதில்தான் சண்டை. செல்லின் மேலுள்ள புரத இழைகளே மின்கம்பிகள் என்று 2005இல் சொன்னார்கள். 2019இல் வேறு ஆய்வாளர்கள், அவை ஹீம் வரிசையாக அடுக்கிய சைட்டோகுரோம் என்னும் வேறொரு புரதத்தின் இழைகள் என்றார்கள். ஹீம் என்றால் நம் இரத்தத்தில் இருக்கும் அதே இரும்புக் கூட்டுதான். மகள் இரு தரப்பையும் படிக்கட்டும்.

ஆய்வுக்கூடம் நடத்திய ஆள் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். என்னிடம் வரும் மாணவர்கள் வோல்ட் கணக்கைக் காட்டிப் பூரிப்பார்கள். எத்தனை ஓம் மின்தடையை இணைத்து அளந்தாய் என்பேன். திறந்த சுற்றில், அதாவது எதையும் இணைக்காமல், அளந்த வோல்ட் வெறும் பெருமை. கிருமி நீக்கிய சேற்றிலும் அதே சோதனையைச் செய்தாயா என்று அடுத்துக் கேட்பேன். அதிலும் மின்சாரம் வந்தால் அது பாக்டீரியாவின் வேலை இல்லையே. பாதிப் பேர் அங்கேயே எழுந்துவிடுவார்கள். மகளிடம் இந்த இரண்டையும் நீங்களே கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் செய்து பார்க்கலாமா? (திருச்சி மாணவர்)

பதில்: தாராளமாக. குளத்துச் சேற்றில் ஒரு கார்பன் துணியைப் புதைத்து, மேலே நிற்கும் நீரில் இன்னொன்றை மிதக்கவிட்டு, இரண்டையும் மின்தடை வழியாக இணைத்துச் சில நாள் பொறுத்திருங்கள். செம்பும் துத்தநாகமும் வேண்டாம். வைத்தால் உலோகம் கரைந்தே மின்சாரம் வரும். பாக்டீரியாவுக்கு வேலையே இருக்காது.