அந்த ராத்திரியைக் கேட்காதீர்கள்

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) கடைசி வருடம். ஒக்கி புயலில் அப்பாவை இழந்த பிள்ளைகளின் மீள்திறன் (அடிபட்ட பிறகும் தேறி எழும் திறன்) பற்றி குமரி மாவட்டக் கடலோர ஊர்களான தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆய்வு செய்கிறேன். 40 கேள்விகள் உள்ள படிவம். முதலில் கொடுத்துப் பார்த்த பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றே டிக் போட்டார்கள். என்ன செய்ய? – வாசகி, தக்கலை

பதில்: வேறென்ன செய்வார்கள் தங்கச்சி? பள்ளிக்கூடத்தில் வைத்து, டீச்சர் பார்த்துக்கொண்டு நிற்க, ‘நான் சவால்களைத் தைரியமாக எதிர்கொள்கிறேன்’ என்று அச்சடித்து நீட்டினால் நானும் ஆம் என்றுதான் போடுவேன்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் குழுவோடு சேர்ந்து 40 வயது வரை தொடர்ந்து பார்த்தார். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே தேறினார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது இரும்பு மனசு கிடையாது, ஒட்டிக்கொள்ள ஒரு பெரிய ஆள். அது பாட்டியாகவோ டீச்சராகவோ இருக்கலாம், பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பதின்வயதில் தடம் மாறியவர்களில் பலர்கூட முப்பதுகளில் சரியானார்கள், ஆகவே இப்போது முரடாகத் திரியும் பையனை ‘மீள்திறன் இல்லை’ என்ற கட்டத்தில் போட்டு மூடிவிடாதீர்கள்.

அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஒட்டிக்கொள்ள யார் இருக்கிறார் என்று தேடுங்கள். முன்பொரு முறை நான் ஒரு பையனிடம் பேசினேன், மனசு எப்படி இருக்கு என்றால் ‘ஒண்ணும் இல்ல’ என்பதோடு சரி. வீட்டை வரைந்து, கோபம் வந்தால் எங்கே போவாய் என்று கோடு போடச் சொன்னேன். கோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே தாத்தா வலை பொத்தும் இடத்துக்குப் போனது. அப்புறம் வலை ஊசியில் நூல் ஏற்றுவது எப்படி என்று அவன்தான் எனக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தான்!

புயல் ராத்திரியை மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். அம்மாவின் சம்மதம் போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும், நடுவில் எழுந்து போனாலும் சரி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாராவது உடைந்துபோனால் பேசுவதற்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இரண்டையும் எழுதிக் கையில் வைத்திருங்கள். புயல் அடித்த நாளான நவம்பர் 30ஐ ஒட்டிய வாரத்தில் போகவே வேண்டாம், அந்த நாட்களில் அந்த வீடுகளுக்குள் படிவத்தோடு போய் நிற்காதீர்கள்.