ஊரே போட்டாயிற்றே, என் குழந்தைக்கும் ஊசி எதற்கு?

‘அக்கம்பக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் தட்டம்மை ஊசி போட்டாயிற்று, அப்புறம் என் 1 வயதுப் பெண்ணுக்கு எதற்கு? எதிர்ப்புச் சக்திச் சொட்டு மருந்தே போதும் என்று அதை விற்பவர் சொல்கிறார்’ என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

போட்டுவிடுங்கள் அம்மா, தள்ளிப்போடாதீர்கள். சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்டால் கிருமி தாவ ஆள் கிடைக்காமல் நின்றுபோகும், உண்மைதான். ஆனால் தட்டம்மையைத் தடுத்து நிறுத்த 100 பேரில் 95 பேருக்காவது எதிர்ப்பாற்றல் வேண்டும், ஏனென்றால் அது அவ்வளவு வேகமாகப் பரவுவது, நோயாளி அறையை விட்டுப் போய் 2 மணி நேரம் வரைகூடக் கிருமி காற்றிலேயே இருக்கும். அந்த 95 பேர் போக மிச்சமுள்ள கொஞ்ச இடம் ஊசிக்கான வயது வராத கைக்குழந்தைக்கும் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கும்தான், நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் உங்கள் பெண்ணுக்கு அல்ல. எல்லோரும் போட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தது யார்? உங்களைப் போலவே நினைக்கும் 10 வீடுகள் ஒரே தெருவில் இருந்தால் போதும், நோய் அங்கே புகுந்துவிடும். மாவட்டத்துக்கு ஒரு சராசரியைப் போட்டு இலக்கை எட்டிவிட்டோம் என்கிற அறிக்கைகளில் அந்தத் தெரு தெரியவே தெரியாது, எத்தனை முறை சொன்னாலும் சராசரியைத்தான் எழுதுகிறார்கள்.

டெட்டனஸ் விஷயம் வேறு. அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, காயத்தின் வழியாக உடம்புக்குள் போகிறது, ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. ஆகவே உலகமே ஊசி போட்டிருந்தாலும் போடாதவருக்கு அதனால் துளிப் பாதுகாப்பும் கிடையாது. துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள், மண் ஒட்டிய முள்ளும் போதும்.

அந்தச் சொட்டு மருந்துக்காரரை நம்பாதீர்கள். தடுப்பூசி பலவீனமாக்கிய தட்டம்மைக் கிருமியை உடலுக்கு அடையாளம் காட்டி வைக்கிறது, பொதுவாகச் ‘சக்தி’ தருவதாக விற்கும் எந்தச் சொட்டும் இதைச் செய்யாது. ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்று அடுத்துப் பயமுறுத்துவார்கள். 1998இல் அந்தப் பயத்தைக் கிளப்பிய வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது, ஆனால் பயத்தை வைத்துப் பிழைப்பவர்கள் அதை இன்னும் விடவில்லை.

ஊசி போடப் போன இடத்தில், குழந்தைக்கு லேசான சளி என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் சும்மா வந்துவிடாதீர்கள், சளி மட்டும் ஊசியைத் தள்ளிவைக்கக் காரணமே அல்ல, இதைத் தெரிந்துகொள்ளாமலேயே எத்தனை தாய்மார்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்! மருத்துவரைப் பார்த்தே தீர வேண்டும் என்று கேளுங்கள். இடையில் தவணை விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம், தடுப்பூசி அட்டையை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள்.