பப்பாளித் தேமலுக்கு ஸ்ட்ரெப்டோசைக்ளின் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம் ஒரு ஏக்கர் ரெட் லேடி பப்பாளி, நட்டு ஐந்து மாதம். 40 மரத்தில் குருத்திலை மஞ்சள் தேமலாகி, நூல் மாதிரிச் சுருங்குகிறது. கடையில் சொன்னபடி ஸ்ட்ரெப்டோசைக்ளின் இரண்டு தடவை அடித்தேன், கேட்கவில்லை. மருந்தை மாற்றட்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம், நிறுத்திவிடுங்கள். இலைக்காம்பிலும் தண்டின் மேல்பகுதியிலும் எண்ணெய் பட்டதுபோல் கரும்பச்சைக் கோடு, காயில் வளையம் வளையமாகப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் வளையப்புள்ளி வைரஸ்தான். ஸ்ட்ரெப்டோசைக்ளின் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸிடம் எடுபடாது. ஏன் என்று சொல்கிறேன்.

செல்லுக்குள் புரதம் கோக்கும் இயந்திரம் ரைபோசோம். டி.என்.ஏ.விலிருந்து எடுத்த நகலான தூது ஆர்.என்.ஏ.வை அது மும்மூன்று எழுத்தாகப் படித்து, மூன்றுக்கு ஒரு அமினோ அமிலமாகச் சேர்த்துக்கொண்டே போகும். ஸ்ட்ரெப்டோசைக்ளின் பாக்டீரியாவின் ரைபோசோமைத்தான் முடக்கும். இந்த வைரஸுக்கோ சொந்த ரைபோசோமே கிடையாது. சுமார் 10,300 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. இழையும் அதன்மேல் ஒரு உறையும், அவ்வளவுதான். உள்ளே போன இழையை மரத்தின் ரைபோசோம் தன் வீட்டுத் தூது என்றே எண்ணிப் படித்துவிடுகிறது. 3,344 அமினோ அமிலத்தில் ஒரே நீளச் சங்கிலி வரும். அந்தச் சங்கிலிக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அதைப் பத்துப் புரதமாக நறுக்கும். ஒன்று உறையாகும், ஒன்று புது இழைகளை நகலெடுக்கும், இன்னொன்று இந்த நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சியின் ஊசிவாயில் வைரஸ் ஒட்ட உதவும், மரத்தின் எதிர்ப்பையும் அடக்கும். இந்தப் படிப்பைத் தடுக்க மரத்தின் ரைபோசோமையே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மரமே போய்விடும். நோய் பிடித்த மரத்தைக் குணமாக்க மருந்து இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மனசு கேட்காதுதான், ஆனாலும் 40 மரத்தையும் வேரோடு பிடுங்கிப் புதையுங்கள்; வரப்பில் போடாதீர்கள். வைரஸ் ஏறி இரண்டு மூன்று வாரம் கழித்தே தேமல் தெரியும் என்பதால் வாரம் ஒருமுறை எல்லா மரத்தையும் பார்த்து வாருங்கள்.

இலையைத் திருப்பினால் அசுவினிக் கூட்டம் இருக்காது. அது பப்பாளியில் குடியிருப்பதில்லை. பறந்து வந்து, குத்தி ருசி பார்த்துவிட்டுப் போய்விடும். அந்தச் சில நொடிக் குத்தலிலேயே வைரஸ் இறங்கிவிடும். பூச்சிமருந்து அதைக் கொல்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடித்தால் பரவல் கொஞ்சம் குறையும். பக்கத்தில் வெள்ளரி, பூசணி வேண்டாம். இதே வைரஸ் அவற்றிலும் தங்கும்.

அடுத்த நடவுக்கு ஒரு மாதம் முன்பே சுற்றிலும் இரண்டு வரிசை மக்காச்சோளம் நெருக்கமாக விதையுங்கள். வரும் அசுவினி முதலில் அதில் குத்தி, வாயில் ஒட்டிய வைரஸை அங்கேயே இழந்துவிடும். நாற்றை 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலைக்குள் வளருங்கள்.

மீதி மரங்களுக்கு லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 1 கிராம் போரிக் அமிலம் தெளிக்கலாம். அது மரத்துக்குச் சத்து, வைரஸுக்கு மருந்தல்ல.